ஹாபிட் பழைய பிரதி: எந்தப் பதிப்பை வாங்கலாம்?

பழைய புத்தகம் தேடுகிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: “பிள்ளைக்கு ஹாபிட் வாங்கணும். புதுசுதான் வேணும்னு இல்ல, நல்ல பழைய பிரதி கிடைச்சாப் போதும். ஆனா தேடினா விதவிதமா அட்டை வருது. எதை எடுக்கிறது?”

குழப்பம் நியாயமானதுதான். ஆங்கில எழுத்தாளர் ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் இந்த நாவலை ஜார்ஜ் ஆலன் அண்ட் அன்வின் பதிப்பகம் 1937 செப்டம்பர் 21 அன்று லண்டனில் வெளியிட்டது. எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது திரும்பத் திரும்ப அச்சாகிக்கொண்டே இருக்கிறது. அட்டை மட்டும் மாறியிருந்தால் பிடித்த படத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். இந்தப் புத்தகத்தில் கதையே இரண்டு முறை திருத்தப்பட்டிருக்கிறது. சில பிரதிகளில் வரைபடம் சிவப்பும் கறுப்புமாக இரண்டு பக்கம் விரிந்து கிடக்கும், சிலவற்றில் எழுத்துத் தெரியாத அளவுக்குச் சுருங்கியிருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசிக்க வாங்குகிறவர்கள் மேலுறை தொலைந்துபோன ஆலன் அண்ட் அன்வின் கெட்டி அட்டைப் பிரதியைத் தேடுங்கள். மேலுறை என்று நான் சொல்வது கெட்டி அட்டைக்கு மேல் போர்த்தியிருக்கும் தாளை. அது இல்லை என்றாலே சேகரிப்பாளர்கள் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். விலை இறங்கிவிடும். புத்தகத்துக்குள்ளே இருக்கிற எதுவும் குறைவதில்லை. ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது.

எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, படிக்கப்போவது யார்? எட்டு, பத்து வயதுப் பிள்ளை தானே படிக்கப்போகிறதா, அப்பாவோ அம்மாவோ இரவில் வாசித்துக் காட்டப்போகிறார்களா, அல்லது சின்ன வயதில் படித்ததைப் பெரியவர் ஒருவர் மறுபடி தேடுகிறாரா? தானே படிக்கிற பிள்ளைக்கு எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். வாசித்துக் காட்டுகிறவருக்குப் புத்தகம் விரித்து வைத்தால் விரிந்தபடி நிற்க வேண்டும்.

அடுத்தது, எந்தக் காலத்துப் பாடம், அதாவது கதையின் எந்த வடிவம் என்பது. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை, அதனால் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். மூன்றாவது, வரைபடமும் படங்களும். ஹாபிட்டில் வரைபடம் கதையின் ஒரு உறுப்பு. அது இல்லாத பிரதி பாதிப் பிரதிதான். நான்காவது கட்டு: தைத்ததா, பசை போட்டு ஒட்டியதா? கடைசியாக மொத்தச் செலவு. புத்தகத்தின் விலையை மட்டும் பார்க்காமல் அது வீட்டு வாசலுக்கு வந்து சேர என்ன ஆகிறது என்று பாருங்கள்.

கதை மாறிய இடம்

ஐந்தாவது அத்தியாயம். மலைக்கு அடியில், இருட்டுக் குகையில், கதைநாயகன் பில்போவும் அங்கே வாழும் கோல்லம் என்ற விசித்திரப் பிறவியும் விடுகதைப் போட்டி போடுகிறார்கள். இன்று நாம் படிக்கிற கதையில் கோல்லம் தோற்றதும், அணிந்தவரைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கும் தன் மோதிரத்தைத் தேடி ஓடுகிறான். அது காணவில்லை என்று தெரிந்ததும் பில்போவைக் கொல்லத் துரத்துகிறான். பில்போ கண்ணுக்குத் தெரியாமல் தப்பிக்கிறான்.

1937 பதிப்பில் இப்படி இல்லை. அதில் பந்தயப் பொருளே மோதிரம்தான். பில்போ ஜெயித்தால் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாகக் கோல்லமே சொல்கிறான். தோற்ற பிறகு போய்த் தேடுகிறான், கிடைக்கவில்லை, திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்கிறான். பரிசுக்குப் பதிலாக வெளியே போகும் வழியைக் காட்டிவிடுகிறான். கிட்டத்தட்ட நல்ல மனிதர்களாகப் பிரிகிறார்கள். மோதிரம் ஏற்கெனவே பில்போவின் பைக்குள் இருக்கிறது.

பிறகு இதன் தொடர்ச்சியான ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலை எழுத ஆரம்பித்தபோது அந்த மோதிரம் உலகத்தையே அழிக்கக்கூடிய ஒன்றாக வளர்ந்துவிட்டது. அப்படிப்பட்ட பொருளை ஒருவன் பந்தயத்தில் வைப்பான் என்றால் யார் நம்புவார்கள்? டோல்கீன் அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார். அது 1951-ல் இரண்டாம் பதிப்பாக வந்தது. பழைய வடிவத்தையும் அவர் வீணாக்கவில்லை. பில்போ தன் கூட்டாளிகளிடம் சொன்ன பொய்க்கதை அது என்று பின்னால் வந்த பெரிய நாவலில் சேர்த்துவிட்டார். கெட்டிக்காரத்தனம்.

இரண்டாவது திருத்தம் 1966-ல். அதற்குக் காரணம் வியாபாரம். 1965-ல் அமெரிக்காவின் ஏஸ் புக்ஸ், ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலை அனுமதி வாங்காமலே பேப்பர்பேக்காகப் போட்டது. காப்புரிமைச் சட்டத்தில் அப்போது ஒரு ஓட்டை இருந்தது. உரிமையை உறுதிப்படுத்திக்கொள்ளத் திருத்திய பதிப்புகள் தேவைப்பட்டன, ஹாபிட்டும் அதில் சேர்ந்துகொண்டது. இந்தத் திருத்தங்கள் சின்னவை. ஆனால் பழைய பிரதி வாங்குகிறவருக்கு இவற்றில் ஒன்று கைகொடுக்கும். முதல் அத்தியாயத்தில், குள்ளர்கள் கூட்டமாக வந்து பில்போவின் சமையலறையைக் காலி செய்கிறார்களே, அந்த இடத்தில் மந்திரவாதி காண்டால்ஃப் ஆறிய கோழிக்கறியோடு என்ன கொண்டுவரச் சொல்கிறார் என்று பாருங்கள். தக்காளி என்றிருந்தால் 1966-க்கு முந்தைய பாடம். ஊறுகாய் என்றிருந்தால் அதற்குப் பிந்தையது. விற்கிறவரிடம் அந்தப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் விஷயம் தெரிந்துவிடும்.

பிள்ளைக்கு வாங்குகிறவர்களுக்கு 1951-க்குப் பிந்தைய எந்தப் பாடமும் சரி. தக்காளியா ஊறுகாயா என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை.

ஒரே பார்வையில்

| பிரதி | பாடம் | வரைபடம் | கட்டு | கண்ணில் படாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| ஆலன் அண்ட் அன்வின் கெட்டி அட்டை, 1951-க்குப் பின் | ஆண்டைப் பொறுத்து இரண்டாம் (1951) அல்லது மூன்றாம் (1966) பதிப்பு | முன், பின் உள்ளட்டையில் பெரிதாக | பெரும்பாலும் தையல் | எடை அதிகம், தபால் செலவு | வீட்டில் வைத்து வாசிக்க |
| பஃபின் பேப்பர்பேக், 1961 | இரண்டாம் பதிப்பு, பதிப்பகத்தின் கைவரிசையோடு | சிறிது | பசை, இப்போது காய்ந்திருக்கும் | உதிரும் பக்கங்கள் | அட்டைப் பிரியர்களுக்கு |
| பாலன்டைன் பேப்பர்பேக், 1965 முதல் | தொடக்கத்தில் பழையது, 1966 முதல் புதியது | சிறிது | பசை | பொடி எழுத்து | அந்தக் காலத்து நினைவுக்காக |
| அன்வின், ஹார்ப்பர் காலின்ஸ் பேப்பர்பேக் | இன்றைய பாடம் | அச்சைப் பொறுத்து மாறும் | பசை | குறைவு | தானே படிக்கிற பிள்ளைக்கு |
| ஆலன் லீ படங்களுடன், 1997 முதல் | இன்றைய பாடம் | உண்டு | கெட்டி அட்டை, பெரிய அளவு | கனம் | வாசித்துக் காட்ட |
| முதல் பதிப்பு, 1937 | மூலப் பாடம் | உள்ளட்டையில் | தையல் | காப்பீடு, பாதுகாப்பு, தூக்கம் | முதலீட்டாளருக்கு |

ஆலன் அண்ட் அன்வின் கெட்டி அட்டை

அட்டைத் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளிர்பச்சைத் துணியில் மலைத்தொடரும் டிராகனும் பதித்திருக்கும். அந்த ஓவியத்தை வரைந்ததும் டோல்கீன்தான். அதனால்தான் மேலுறை போனாலும் புத்தகம் மொட்டையாகத் தெரிவதில்லை. உள்ளே இருக்கிற கறுப்பு வெள்ளைப் படங்களும் அவர் கைவண்ணமே.

முன் உள்ளட்டையைத் திறந்தால் கதையில் வரும் குள்ளர் அரசன் த்ரோரின் வரைபடம், பின் உள்ளட்டையில் காட்டு நாட்டின் வரைபடம். கதையில் த்ரோரின் வரைபடத்தில் நிலவெழுத்து இருக்கும். குறிப்பிட்ட நிலவொளியில் பிடித்தால் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் எழுத்து அது. அதை வரைபடத் தாளின் மறுபக்கத்தில் அச்சிட வேண்டும், வாசகர் பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் தெரிய வேண்டும் என்றுதான் டோல்கீன் ஆசைப்பட்டார். பதிப்பகம் வரைபடத்தை உள்ளட்டைக்குக் கொண்டுபோனதால் அது நடக்கவில்லை. இருந்தாலும் பெரிய அளவில், இரண்டு நிறத்தில் கிடைக்கிறது. பிள்ளைகள் அதிலுள்ள ரூன் என்ற பழங்கால வட ஐரோப்பிய எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் பார்க்க இந்த அளவாவது வேண்டும்.

இங்கேதான் ஒரு ஆபத்து. வெளிநாட்டு நூலகங்கள் கழித்துவிட்ட பிரதிகள் சந்தையில் நிறைய உண்டு, விலையும் மலிவு. நூலகத்தார் தேதிச் சீட்டையும் அட்டை வைக்கும் பையையும் எங்கே ஒட்டுவார்கள்? உள்ளட்டையில்தான். அதாவது நேரே வரைபடத்தின் தலைமேல். பிய்த்து எடுத்தால் மலை கிழிந்து கையோடு வரும். “எக்ஸ்-லைப்ரரி” என்று போட்டிருந்தால் இரண்டு உள்ளட்டைகளின் படத்தையும் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஆண்டைக் கண்டுபிடிப்பது எளிது. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் எத்தனையாவது அச்சு, எந்த ஆண்டு என்று வரிசையாக இருக்கும். 1951-ன் இரண்டாம் பதிப்பு ஐந்தாவது அச்சு. அதற்குக் கீழே கடைசியாக இருக்கிற ஆண்டுதான் உங்கள் கையில் இருப்பதன் வயது. “முதலில் வெளியானது 1937” என்ற முதல் வரியை மட்டும் படம் பிடித்துப் போட்டு விலை ஏற்றுகிறவர்கள் உண்டு. முழுப் பக்கத்தையும் கேளுங்கள்.

மேலுறையோடு வேண்டும் என்று ஆசைப்பட்டால் அதற்கு வேறு விலை. மேலுறை ஓவியமும் அவருடையதுதான். சூரியனுக்கு அவர் சிவப்பு கேட்டார், ஒரு நிறம் கூடினால் செலவு கூடும் என்று பதிப்பகம் அதை வெட்டிவிட்டது. ஓரத்தைச் சுற்றி ஓடுகிற ரூன் எழுத்துகள் அலங்காரமில்லை, புத்தகத்தின் பெயரையும் பதிப்பகத்தையும் சொல்கிறவை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாளுக்காகப் பணம் கொடுத்துவிட்டு, பிள்ளை அதைத் தொடும்போதெல்லாம் பதறுவதில் என்ன பயன்?

பஃபின், 1961

அட்டையை வரைந்தவர் பாலின் பேய்ன்ஸ், நார்னியா கதைகளுக்கும் படம் போட்டவர். அதற்காகவே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாசிக்க வேண்டாம் என்பேன். டோல்கீன் குள்ளர்களைக் குறிக்கும் சொல்லைத் தமக்கே உரிய ஒரு பன்மை வடிவில் எழுதுவார். பஃபினில் இருந்தவர்கள் அவரைக் கேட்காமலே அதை இலக்கணப்படி ‘திருத்தி’, புத்தகம் முழுக்க மாற்றிவிட்டார்கள். பழைய ஆங்கில மொழியில் பேராசிரியராக இருந்தவரின் இலக்கணத்தைத் திருத்தினால் என்ன ஆகும்? கடிதங்களில் அவர் கொட்டித் தீர்த்திருக்கிறார். அது போக, அந்தக் காலத்து மலிவுத் தாள் இப்போது பழுத்து மொறமொறவென்று இருக்கும். முதுகை விரித்தால் காய்ந்த பசை பிளந்து பக்கம் கையோடு வரும்.

பாலன்டைன்

அமெரிக்கப் பேப்பர்பேக். பார்பரா ரெமிங்டன் வரைந்த முதல் அட்டையில் ஒரு சிங்கம், ஈமு பறவைகள், இளஞ்சிவப்புக் காய் தொங்கும் மரம். கதைக்கும் இவற்றுக்கும் எந்த ஒட்டும் இல்லை. புத்தகத்தைப் படிக்க அவகாசம் இல்லாமலேயே அவர் வரைய வேண்டியிருந்தது. டோல்கீன் கொதித்தார். பிறகு வந்த அச்சுகளில் சிங்கம் காணாமல் போனது. சிங்கம் இருக்கிற பிரதிக்குத்தான் மவுசு, வேடிக்கை. ஏஸ் புக்ஸ் விவகாரம் சூடாக இருந்த நேரம் என்பதால், இந்தப் பதிப்புக்கு மட்டுமே தாம் சம்மதம் கொடுத்ததாக ஆசிரியரின் குறிப்பும் பாலன்டைன் பதிப்புகளின் பின்னட்டையில் வந்தது.

எழுத்து மிகப் பொடி. பத்து வயதுப் பிள்ளைக்குக் கொடுத்தால் இரண்டாம் அத்தியாயத்தோடு மூடி வைத்துவிடும்.

பிற்காலப் பேப்பர்பேக்குகள்

முதுகில் இருக்கிற பதிப்பகப் பெயரே காலத்தைச் சொல்லிவிடும். அன்வின் என்றால் எழுபதுகள், எண்பதுகள். அன்வின் ஹைமன் என்றால் 1986-க்குப் பிறகு. ஹார்ப்பர் காலின்ஸ் என்றால் தொண்ணூறுகளும் அதற்குப் பின்னும். 1995-ல் அச்சுப்பிழைகளைக் களைந்து பாடத்தைப் புதிதாக அடுக்கினார்கள். அதற்குப் பிந்தைய பிரதி கிடைத்தால் நல்லது.

தானே படிக்கிற பிள்ளைக்கு இதுதான் சரி. பள்ளிப் பையில் போகலாம், பஸ்ஸில் படிக்கலாம், சட்னி சிந்தலாம். 2012-ல் திரைப்படம் வந்த நேரத்து அட்டை போட்ட பிரதிகள் எல்லா இடத்திலும் மலிந்து கிடக்கின்றன. நடிகர் முகம் போட்ட அட்டையை யாரும் விரும்பிச் சேர்ப்பதில்லை, அதனால் விலை தரையில். உள்ளே அதே கதைதான்.

நடைபாதையில் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டுப் புதுசு போல அடுக்கியிருப்பது பல சமயம் திருட்டு அச்சு. எழுத்து ஒரு பக்கம் கறுத்தும் ஒரு பக்கம் வெளிறியும் இருக்கும், தாளில் மறுபக்கம் தெரியும், வரைபடம் புகைந்துபோன கறுப்பில் கரைந்திருக்கும். ஹாபிட்டைப் பொறுத்தவரை வரைபடப் பக்கத்தைத் திறந்தாலே போதும், மற்றதைப் பார்க்க வேண்டியதில்லை.

ஆலன் லீ படங்களுடன்

அறுபதாம் ஆண்டை ஒட்டி 1997-ல் வந்தது. நீர்வண்ண ஓவியங்கள். திரைப்படங்களுக்கும் காட்சி வடிவமைத்தவர் இவரே, அதனால் படம் பார்த்த பிள்ளைக்கு உடனே பழகிவிடும். மடியில் விரித்து வைத்து வாசித்துக் காட்ட இதைவிட நல்ல பிரதி இல்லை. ஆனால் கனம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவே புத்தக விலையை எட்டிவிடும். உள்ளூரில் பார்த்தால் மட்டும் எடுங்கள். வண்ணப்படப் பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவதற்காகக் கத்தரித்துவிடும் புண்ணியவான்கள் உண்டு.

குறிப்புகளோடு படிக்க விரும்பும் பெரியவர்களுக்கு டக்ளஸ் ஆண்டர்சனின் உரைப்பதிப்பு (1988, திருத்தியது 2002) இருக்கிறது. எந்த வரி எந்தப் பதிப்பில் மாறியது என்று பக்க ஓரத்திலேயே சொல்லும். பிள்ளைக்கு வேண்டாம்.

முதல் பதிப்பு

1,500 பிரதிகள். டிசம்பருக்குள் விற்றுத் தீர்ந்தன. டோல்கீன் தம் பழைய மாணவி ஒருவருக்கு எழுதிக் கொடுத்த பிரதி 2015-ல் சாத்பீஸ் ஏலத்தில் 1,37,000 பவுண்டுக்குப் போனது. மேலுறையின் மடிப்பில், ‘ஆலிஸ்’ கதைகளை எழுதிய லூயிஸ் கரோலின் இயற்பெயரைப் பிழையாக அச்சடித்துவிட்டு, கூடுதல் எழுத்தைக் கையால் மையடித்துத் திருத்தியிருப்பார்கள். நிபுணர்கள் முதலில் பார்ப்பது அந்த மைக்கோட்டைத்தான். இதைப் பற்றி நமக்கு இவ்வளவு போதும்.

1937 பாடத்தைத்தான் படிக்க வேண்டும், அந்த நல்ல கோல்லத்தைப் பார்க்க வேண்டும் என்றால் 2016-ல் ஹார்ப்பர் காலின்ஸ் போட்ட நகல் பதிப்பைத் தேடுங்கள். பழைய பிரதியை அச்சு அசலாக எடுத்தது. அதனாலேயே 1937 என்று கண்ணில் பட்டதும் அசல் முதல் பதிப்பு என்று நம்பி விற்கிறவரும் வாங்குகிறவரும் ஏமாற வாய்ப்புண்டு. வெள்ளைவெளேரென்ற தாளுக்கு எண்பது வயது இருக்காது.

படக்கதை வடிவம் ஒன்றும் இருக்கிறது, டேவிட் வென்சல் வரைந்தது. நன்றாகவே இருக்கும். ஆனால் அது சுருக்கம். தேடல் பட்டியலில் நாவலோடு கலந்து வரும், பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

பணம் கட்டுவதற்கு முன்

விற்பனையாளர்கள் போடும் தரக்குறிகளை அப்படியே நம்ப வேண்டாம். “ஃபைன்” என்றால்தான் நல்ல நிலை. “வெரி குட்” என்றால் பயன்படுத்தியது. “குட்” என்று போட்டிருந்தால் அடிபட்டது, படிக்கலாம் என்று அர்த்தம். “ரீடிங் காப்பி” என்றால் அதற்கும் கீழே.

இங்கிலாந்திலிருந்து வரவழைக்கிறவர்கள் மூன்று தொகைகளைக் கூட்டுங்கள்: புத்தகம், தபால், சுங்கம். இறக்குமதிப் புத்தகங்களுக்கு 2019 பட்ஜெட்டில் ஐந்து சதவீத வரி வந்தது. மூன்றையும் கூட்டி, அந்தத் தொகைக்கு இங்கே புதிய கெட்டி அட்டைப் பதிப்பே கிடைக்குமா என்று பாருங்கள். பேப்பர்பேக்குகளுக்குப் பெரும்பாலும் கிடைக்கும். அப்படியானால் கடல் கடந்து பழையது வாங்குவதில் அர்த்தமில்லை. ஆலன் அண்ட் அன்வின் கெட்டி அட்டைக்கு மட்டும்தான் இந்தச் செலவு தகும், அதுவும் வேறு இரண்டு மூன்று புத்தகங்களோடு சேர்த்து ஒரே பொட்டலமாக வந்தால்.

கேட்க வேண்டிய படங்கள் நான்கு: இரண்டு உள்ளட்டைகள், தலைப்புப் பக்கத்தின் பின்புறம் முழுதாக, புத்தகத்தை நடுவில் விரித்துவைத்த நிலை. நான்காவது படத்தை அனுப்பத் தயங்கினால் கட்டு விட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒரு அத்தை கிறிஸ்துமஸுக்கு எழுதிக் கொடுத்த வரி முதல் பக்கத்தில் இருந்தால் அதைக் குறையாகக் கொள்ளாதீர்கள், விலை பேச மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வந்து சேர்ந்ததும்

நேரே அலமாரியில் மற்ற புத்தகங்களோடு வைக்க வேண்டாம். முதுகுப் பக்கத்தை மேலே பிடித்து, வெள்ளைத் தாள் மேல் மெல்லத் தட்டுங்கள். பொடி உதிர்ந்தாலோ வெள்ளிநிறமாக ஏதாவது ஓடினாலோ ராமபாணம் கூடவே வந்திருக்கிறது. மூடிய பிளாஸ்டிக் உறையில் இரண்டு வாரம் தனியாக வைத்து மறுபடி தட்டிப் பாருங்கள். பாச்சை உருண்டையைப் புத்தகத்துக்குள் செருகாதீர்கள், அந்த வாடை தாளில் ஏறினால் வருஷக்கணக்கில் போகாது, பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் படிக்கும். பூஞ்சை வாடை இருந்தால் காற்றோட்டமான நிழலில், பக்கங்களை விசிறிபோல் விரித்து நிறுத்தி வையுங்கள். வெயிலில் காயவைத்தால் வாடை போகலாம், கூடவே அந்தப் பச்சைத் துணியின் நிறமும் போய்விடும்.